தெம்பெஸ்தாஸ்: காலமா, வானிலையா, புயலா?

கேள்வி இதுதான். லத்தீன் படித்துவரும் ஒருவர், சல்லுஸ்தியுஸ் எழுதிய வரலாற்றில் 'எயா தெம்பெஸ்தாதே' என்ற தொடரைப் பார்த்து 'அந்தப் புயலின்போது' என்று பெயர்த்திருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் கடலும் இல்லை, காற்றும் இல்லை. ரோம அரசியல்தான் பேசப்படுகிறது. அகராதியைத் திறந்தால் 'தெம்பெஸ்தாஸ்' என்ற சொல்லுக்குக் காலம், பருவம், வானிலை, புயல், பேரழிவு என்று ஐந்து பொருள் போட்டிருக்கிறது. ஒரே சொல் இத்தனை பொருளை எப்படிச் சுமந்தது, அதன் மூலம் என்ன என்று கேட்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், நீங்கள் பார்த்த இடத்தில் அதன் பொருள் 'அக்காலத்தில்'. புயல் என்பது அந்தச் சொல் கடைசியாகப் போய் ஒதுங்கிய கரை. கிளம்பிய இடம் காலம்.

இதில் வழுக்கி விழுந்தவர் நீங்கள் மட்டும் இல்லை. லத்தீன் பழகிய முதல் வருடத்தில் சீசரின் ஒரு வரியை நான் 'கடற்பயணத்துக்குத் தோதான புயல் கிடைத்ததும் புறப்பட்டார்' என்று பெயர்த்துவைத்தேன். எழுதி முடித்த பிறகும் எனக்கு அதில் ஒன்றும் தவறாகப் படவில்லை. படைத்தலைவர்தானே, துணிச்சல்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கி.மு. 55-இல் சீசர் முதல்முறை பிரிட்டனுக்குக் கப்பலேறுகிறார். அவரே எழுதிய காலியப் போர்க் குறிப்புகளின் 4ஆம் புத்தகம், 23ஆம் பகுதி. 'இதோனேயாம் தெம்பெஸ்தாதெம்' கிடைத்ததும், இரவின் மூன்றாம் சாமத்தில் நங்கூரம் எடுத்தார் என்கிறார். 'இதோனேயா' என்றால் தோதான, ஏற்ற. ஆக இங்கே தெம்பெஸ்தாஸ் நல்ல வானிலை. குதிரைப்படையை ஏற்றிய 18 கப்பல்கள் வேறொரு துறையில் காற்றுக்காகக் காத்துக்கிடந்தன. சீசர் பிரிட்டன் போய்ச் சேர்ந்து நான்காம் நாள், மெல்லிய காற்றில் அவையும் கிளம்புகின்றன. கரையிலிருக்கும் முகாமுக்குக் கண்ணில் படும் தூரத்துக்கு வந்துவிட்டன. அப்போது 28ஆம் பகுதியில் சீசர் எழுதுகிறார்: திடீரென்று 'தான்தா தெம்பெஸ்தாஸ்', அவ்வளவு பெரிய தெம்பெஸ்தாஸ், கிளம்பியது, ஒரு கப்பலாலும் தன் திசையில் போக முடியவில்லை. அதே சொல்தான், இப்போது புயல். சில கப்பல்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. அன்றிரவு பௌர்ணமி, கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும் நாள். மத்தியதரைக் கடலில் பழகிய ரோமர்களுக்கு அது தெரியாது. கரையில் இழுத்துப் போட்டிருந்த கப்பல்களுக்குள் தண்ணீர் புகுந்தது, நங்கூரத்தில் நின்றவற்றைக் காற்று மோதி உடைத்தது.

அதோடு முடியவில்லை. 34ஆம் பகுதியில் பல நாள் தொடர்ந்து 'தெம்பெஸ்தாதேஸ்' வந்ததால் இரு தரப்பும் சண்டை போட முடியாமல் முடங்கின. இங்கே மழையும் காற்றுமான மோசமான நாட்கள். 36ஆம் பகுதியில் திரும்பி வருவதற்கு மறுபடி 'இதோனேயாம் தெம்பெஸ்தாதெம்', நல்ல வானிலை. பதினைந்து பகுதிக்குள் இந்த நான்கு இடங்கள்: நல்லது, கெட்டது, கெட்டது, நல்லது. சீசர் நடை சிக்கனத்துக்குப் பேர்போனவர். ஒரே சொல்லை இப்படி இரண்டு பக்கமும் திருப்பி வைக்கிறார் என்றால், படிப்பவனுக்குக் குழப்பம் வரும் என்று அவர் நினைக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். பக்கத்திலிருக்கும் அடைமொழியும் வினையும் சொல்லிவிடும். 'தோதான' என்று வந்தால் தெளிந்த வானம். 'திடீரென எழுந்தது' என்று வந்தால் புயல்.

இனி மூலத்துக்கு வருவோம். 'தெம்புஸ்' என்றால் காலம். அதன் அடிவடிவம் 'தெம்பெஸ்-'. அதோடு பண்புப்பெயர் ஆக்கும் '-தாஸ்' விகுதி சேர்ந்து தெம்பெஸ்தாஸ். மதிப்பு என்று பொருள்படும் 'ஹொனோஸ்' என்ற சொல்லிலிருந்து 'ஹொனெஸ்தாஸ்' வந்ததும் இதே வழியில்தான். நம்முடைய '-மை' விகுதி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தெம்பெஸ்தாஸ் என்பது சொல்லுக்குச் சொல் 'காலத்தன்மை', அதாவது காலம் இருக்கிற இருப்பு.

இதைத் தமிழருக்கு விளக்குவது எளிது. இலங்கைத் தமிழில் வானிலைக்குக் 'காலநிலை' என்பது அன்றாடச் சொல். மலையாளத்தில் 'காலாவஸ்த', காலத்தின் அவஸ்தை. நாம் அவஸ்தை என்றால் துன்பம் என்று எடுத்துக்கொள்கிறோம், அங்கே வெறும் நிலைதான். சிங்களத்தில் 'காலகுணய', காலத்தின் குணம். மூன்றும் தெம்பெஸ்தாஸை அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. ஐப்பசியில் வெயில் கொளுத்தினால் 'காலம் கெட்டுக் கிடக்கு' என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

தெம்புஸ் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் மொழியியலாளர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி 'வெட்டுதல்' என்று பொருள்படும் 'தெம்-' வேரைக் காட்டும். கிரேக்கத்தில் கோயிலுக்கென்று வெட்டி ஒதுக்கிய நிலம் 'தெமெனோஸ்'. லத்தீனில், குறி பார்ப்பவர் பறவைகளைக் கவனிக்க வானத்தில் கோல் நுனியால் வரையறுத்த பகுதி 'தெம்ப்லும்'; பிறகு அதுவே கோயிலுக்குப் பெயராயிற்று. அப்படிக் காலத்தை வெட்டிய துண்டு தெம்புஸ் என்பது இவர்கள் வாதம். மறு கட்சி 'இழுத்தல், நீட்டுதல்' என்று பொருள்படும் 'தெம்ப்-' வேரைக் காட்டும். லித்துவேனிய மொழியில் 'தெம்ப்தி' என்றால் இழுப்பது. நீட்டிப் பிடித்த அளவு, அதுவே காலம்.

நான் இழுக்கும் கட்சி. காரணம் நடுவில் நிற்கும் 'ப்'. தெம்ப்லும் என்ற சொல்லில் அதற்கு வேறு விளக்கம் கொடுக்கலாம்: 'ம்'முக்கும் 'ல்'லுக்கும் நடுவே லத்தீன்காரர் நாக்கில் ஒரு 'ப்' தானாக முளைக்கும், 'எக்ஸெம்ப்லும்' என்ற சொல்லில் முளைத்த மாதிரி. ஆனால் தெம்புஸில் 'ல்' கிடையாது. அப்புறம் அந்த 'ப்' எங்கிருந்து வந்தது? வேரிலேயே இருந்தது என்பதுதான் சுலபமான பதில். இது தீர்ந்த வழக்கு என்று சொல்லமாட்டேன்.

சரி, காலம் என்ற பொருளில் தெம்பெஸ்தாஸ் எவ்வளவு பழையது? ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைகளிலேயே, அதாவது கி.மு. 450ஐ ஒட்டி, இருக்கிறது. வழக்கில் இரு தரப்பும் வந்திருந்தால் விசாரணை எதுவரை நடக்கலாம்? 'சூரியன் மறைவதே கடைசி தெம்பெஸ்தாஸ் ஆகுக' என்கிறது சட்டம். அங்கே வானிலைக்கு வேலையே இல்லை. கெடு, நேர எல்லை. இந்தப் பழைய பொருள் சீக்கிரமே பழசாகிவிட்டது. ரோமப் பேச்சாளர் சிசேரோ பேச்சுக்கலை பற்றி எழுதிய உரையாடலில், பழஞ்சொற்களை எப்போதாவது தூவினால் பேச்சுக்கு ஒரு கம்பீரம் வரும் என்று சொல்லிவிட்டு, எடுத்துக்காட்டாகக் கொடுப்பது 'கார்த்தேஜ்காரன் இத்தாலிக்கு வந்த தெம்பெஸ்தாஸில்' என்ற தொடரைத்தான். அவர் நாளிலேயே அது மேடைக்கும் வரலாற்று நூலுக்கும் உரிய சொல்லாகிவிட்டது. சல்லுஸ்தியுஸுக்குப் பழமை வாடை என்றால் உயிர். நீங்கள் பார்த்த 'எயா தெம்பெஸ்தாதே' அவர் வேண்டுமென்றே போட்டது. 'அந்நாளில்' என்று எழுதாமல் 'அக்காலை' என்று நாம் எழுதினால் வருமே, அந்த வாடை.

இதே வேரில் இன்னொரு சொல் எனக்கு மிகவும் பிடித்தது: 'இந்தெம்பெஸ்தா'. முன்னால் எதிர்மறை 'இன்-' சேர்ந்திருக்கிறது. 'நோக்ஸ் இந்தெம்பெஸ்தா' என்றால் நள்ளிரவு. எதையும் செய்வதற்கு உரிய நேரம் இல்லாத இரவுப் பொழுது என்று ரோம அறிஞர் வார்ரோ அதை விளக்குகிறார். நம் 'அகாலம்' என்ற சொல்லை அப்படியே லத்தீனில் போட்டால் இதுதான் வரும். இதிலும் வானிலை எட்டிப் பார்க்கிறது. எத்ருஸ்கக் கடற்கரையில் கிராவிஸ்கே என்று ஓர் ஊர், காய்ச்சலுக்குப் பேர்போன சதுப்பு நிலம். அதைக் கவிஞர் வெர்கிலியுஸ் 'இந்தெம்பெஸ்தே கிராவிஸ்கே' என்கிறார். அங்கே பொருள் அகாலம் இல்லை, ஆகாத காற்று. எதிர்ப்பக்கத்தில் 'தெம்பெஸ்தீவுஸ்' என்றால் காலாகாலத்தில் நடப்பது. பகலிலேயே தொடங்கிவிடும் விருந்துக்கும் அந்தப் பெயர் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது காலத்துக்கு முந்திய விருந்து, ஆனால் விருந்துக்காரர் பார்வையில் சரியான காலம்தான்.

இனிக் கேள்வியின் நடு முடிச்சு: நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொதுவாக இருந்த சொல் ஏன் புயலில் போய் நின்றது?

இதை ரோமர்களே கவனித்திருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கெல்லியுஸ் என்ற ரோம எழுத்தாளர் தம் குறிப்பேடுகளில், பழைய நூல்களில் இரு பக்கமும் பொருள் தந்த நடுநிலைச் சொற்கள் இப்போது பொதுமக்கள் பேச்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன என்று எழுதி ஒரு பட்டியல் தருகிறார். பட்டியலில் முதல் சொல் தெம்பெஸ்தாஸ். அடுத்து 'வலெதூதோ': உடல்நிலை என்று தொடங்கி, நோய் என்று முடிந்தது. 'ஃபகினுஸ்': செயல், பிறகு குற்றச்செயல். 'தோலுஸ்': சாமர்த்தியம், பிறகு மோசடி. தோலுஸ் ஒரு காலத்தில் நடுநிலையாக இருந்ததற்குச் சட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. மோசடியைக் குறிக்க ரோமச் சட்டம் 'கெட்ட தோலுஸ்' என்று அடைமொழி போட்டுத்தான் எழுதும். நல்ல தோலுஸ் ஒன்று இல்லாவிட்டால் கெட்டது என்று ஏன் சொல்ல வேண்டும்?

தமிழில் இதற்குப் பஞ்சமில்லை. 'நாற்றம்' எல்லோருக்கும் தெரிந்தது. பூவின் மணத்தைக் குறித்த சொல் இன்று மூக்கைப் பிடிக்கவைக்கிறது. 'காரியம்' அகராதியில் வெறும் செயல்தான், ஆனால் 'என்ன காரியம் பண்ணிட்ட!' என்று யாராவது சொன்னால் நல்லது நடந்திருக்க வாய்ப்பில்லை. ஃபகினுஸ் போன வழி அதுதான். நம் புயலே அப்படி வந்ததுதான் என்பது பலருக்குத் தெரியாது. திருக்குறளின் 14ஆம் பாட்டில் 'புயல்' என்பது மழை. அது குறைந்தால் உழவர் ஏர் ஓட்டமாட்டார் என்று ஏங்கிச் சொல்கிற வரம். இன்று 'புயல் வரவேண்டும்' என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை.

தெம்பெஸ்தாஸ் விஷயத்தில் காரணம் கடல் என்று நினைக்கிறேன். வயலில் இருப்பவனுக்கு மழையும் வெயிலும் மாறிமாறி வேண்டும். கப்பலில் இருப்பவனோ வானிலை கெட்டால்தான் அதைப் பற்றிப் பேசுவான். நன்றாக இருந்தால் பாயை விரித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். இதற்கு ஒரு கல்லே சான்று இருக்கிறது. கி.மு. 259-இல் கான்சலாக, அதாவது ரோமின் தலைமை ஆட்சியாளர் இருவரில் ஒருவராக, இருந்த லூசியுஸ் கொர்னேலியுஸ் ஸ்கிபியோ கார்த்தேஜுக்கு எதிரான முதலாம் பியூனிக் போரில் கோர்சிகாத் தீவுக்குப் படகோட்டிப் போய் அலேரியா நகரைப் பிடித்தார். போன இடத்தில் கடற்படை மொத்தமும் மூழ்கப் பார்த்தது. தப்பிப் பிழைத்தவர் ரோமில் கோயில் கட்டினார். அவருடைய கல்லறைக் கல்வெட்டு பழைய லத்தீனில் சொல்கிறது: இவர் கோர்சிகாவையும் அலேரியா நகரையும் பிடித்தார், 'தெம்பெஸ்தாதெபுஸ்' தேவியருக்கு உரியபடி கோயில் கொடுத்தார். பன்மையைக் கவனியுங்கள். ஒரு புயல் தேவதைக்கு அல்ல, வானிலைகளுக்கு. எந்த வானிலை வந்து வாய்க்கும் என்று தெரியாதவன் எல்லாவற்றையும் சேர்த்துக் கும்பிட்டுவிடுவான். 'உரியபடி' என்ற சொல்லும் அழகு. பேரம் ஒழுங்காக முடிந்தது, கணக்குத் தீர்ந்தது என்கிற தொனி.

இந்தத் தேவியருக்குப் பலி ஆட்டுக்குட்டி. வெர்கிலியுஸின் காவியத்தில் நாயகன் ஏனேயாஸ் சிசிலியிலிருந்து கிளம்பும் முன் கொடுக்கிறான். இன்னொரு கவிஞர் ஹொராத்தியுஸ் ஒரு படி மேலே போனார். தமக்குப் பிடிக்காத மேவியுஸ் என்ற கவிஞன் கப்பலேறியபோது, அவன் கப்பல் உடைந்து கரையில் பறவைக்கு இரையானால் ஒரு வெள்ளாட்டுக் கடாவையும் தெம்பெஸ்தாதேஸுக்கு ஒரு குட்டியையும் வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டு பாட்டே எழுதிவைத்தார். இலக்கியச் சண்டை எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இப்படித்தான் போலும்.

புயலாக நிலைத்த பிறகு, சொல் ஆட்கள் மேலும் ஏறியது. தம்மை நாடு கடத்தவைத்த குளோதியுஸை சிசேரோ 'அமைதியின் சூறாவளி, தெம்பெஸ்தாஸ்' என்று திட்டினார். ஹொராத்தியுஸ் பாட்டில் வரும் மேனியுஸ் சொத்தைத் தின்று தீர்த்த சாப்பாட்டுராமன். அவனுக்குக் கிடைத்த பட்டம் 'இறைச்சிச் சந்தையின் தெம்பெஸ்தாஸ்'. உங்கள் அகராதி 'பேரழிவு' என்று போட்டிருப்பது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

ரோமப் பேரரசு போன பிறகு இந்தச் சொல்லுக்கு ஒரு விசித்திரமான வாழ்க்கை வந்தது. பிற்கால லத்தீனில் 'தெம்பெஸ்தாரியுஸ்' என்றால் புயலையும் ஆலங்கட்டி மழையையும் மந்திரத்தால் வரவழைப்பவன். 789-இல் பிராங்கிய அரசர் சார்லமேன் வெளியிட்ட ஆணையில் சூனியக்காரர்களோடு சேர்த்து இவர்களுக்கும் தடை. அடுத்த தலைமுறையில் லியோன் நகரத்துப் பேராயர் அகோபார்து ஆலங்கட்டி மழையும் இடியும் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார், எல்லாம் மூடநம்பிக்கை என்று சாடி. அவர் சொல்கிற கதை இது: மகோனியா என்ற நாட்டிலிருந்து மேகங்களின் மேல் கப்பல்கள் வருமாம். புயலில் அடிபட்டு விழும் விளைச்சலை அந்த மேகக் கப்பல்காரர்கள் ஏற்றிக்கொண்டு, புயலை வரவழைத்தவனுக்குக் கூலி கொடுப்பார்களாம். ஒருநாள் ஊரார் மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் சங்கிலியில் கட்டி, கப்பலிலிருந்து விழுந்தவர்கள் என்று கல்லால் அடித்துக் கொல்ல இழுத்துவந்தார்கள். அகோபார்து வாதாடி அந்தப் பேச்சு பொய் என்று நிறுவியதாக எழுதுகிறார். புயலிலிருந்து பயிரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆட்களுக்கு விவசாயிகள் விளைச்சலில் ஒரு பங்கு அளந்தார்கள் என்பதும், அதே விவசாயிகள் தேவாலயத்துக்குரிய பங்கைத் தர மறுத்தார்கள் என்பதும் அவருடைய கூடுதல் எரிச்சல். வெனிஸ் பக்கத்துப் பேச்சில் 'தெம்பெஸ்தா' என்றால் இன்றும் ஆலங்கட்டி மழைதான்.

ஆக, தெம்பெஸ்தாஸ் புயலாகிப் போனது. வானிலைக்கு என்ன செய்தார்கள்? இங்கேதான் வேடிக்கை. தாய்ச்சொல்லான தெம்புஸையே திரும்ப அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். பிரெஞ்சில் 'தாங்', இத்தாலியத்தில் 'தெம்போ', ஸ்பானியத்தில் 'தியெம்போ' எல்லாம் காலமும் வானிலையும் சேர்ந்த சொற்கள். பாரிஸில் ஒருவர் 'தாங் எப்படி' என்றால் மேகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும். 'தாங் இல்லை' என்றால் நேரமில்லை என்று பொருள். இது லத்தீன் வீட்டுக்கு மட்டுமே உரிய பழக்கம் இல்லை. ஹங்கேரிய 'இதோ', ஐரிஷ் 'ஐம்ஷிர்', செர்பிய 'வ்ரேமெ' மூன்றுக்கும் இதே இரட்டைப் பொருள். பழைய கிரேக்கத்தில் தக்க தருணத்தைக் குறித்த 'கைரோஸ்' இன்றைய கிரேக்கத்தில் வானிலை. ஆங்கிலமும் ஜெர்மனும் வேறு வழி. அவற்றின் வானிலைச் சொல் காற்று 'வீசுதல்' என்ற வேரிலிருந்து வந்ததாகக் கொள்வது வழக்கம்.

'டெம்பரேச்சர்' இதே குடும்பமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆம், கொஞ்சம் தூரத்துச் சொந்தம். 'தெம்பெராரே' என்றால் சரியான அளவில் கலப்பது, மட்டுப்படுத்துவது. ஒயினில் தண்ணீர் கலப்பதற்கும் அந்த வினைதான். அது தெம்புஸிலிருந்து பிறந்தது என்பது பொதுவான கருத்து. டெம்பரேச்சர் முதலில் கலவை. வெப்பத்தின் அளவு என்பது பிற்பாடு வந்த பொருள்.

கடைசியாக ருமேனியா. லத்தீன் வழிவந்த மொழிதான், ஆனால் அங்கே கணக்கு இடம் மாறிவிட்டது. தெம்புஸின் பிள்ளை 'திம்ப்' முக்கியமாகக் காலத்தைக் குறிக்கிறது. அன்றாடப் பேச்சில் வானிலைக்கு 'வ்ரெமெ', பக்கத்து ஸ்லாவியர்களிடம் வாங்கியது; அதற்கும் காலம் என்ற பொருள் உண்டு. புயலுக்கு 'ஃபுர்துனா'. அது லத்தீன் 'ஃபோர்தூனா', நல்லூழுக்கும் தீயூழுக்கும் பொதுவாக இருந்த இன்னொரு சொல். துருக்கியர் புயலை 'ஃபிர்தினா' என்பதும், கிரேக்க மாலுமிகள் 'ஃபுர்தூனா' என்பதும் அதே சொல்தான்.